பட்டாணிக் கோட்டை

நவம்பர் 3, திங்கள்

இன்று காலை பத்தேகால் மணிக்கு, பாளையங்கோட்டை சரித்திரத்தில் முதன்முறையாக, ஓர் ஆமை குட்டியானையில் ஏறி வந்து இறங்கியது. குட்டியானை என்றால் தும்பிக்கை உள்ளது அல்ல, சாமான் ஏற்றும் சின்ன வண்டி. ஆனால் இறங்கியவரின் தோரணைக்கு நிஜ யானையே வந்திருந்தாலும் தகும்.

பெயர் பட்டாணி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் அக்கா மகள் மங்கையர்க்கரசிக்கு அவள் அப்பா சென்னையிலிருந்து வாங்கி வந்தபோது உள்ளங்கையில் அடங்கினான். இப்போது அண்டா மூடி. எடை நாற்பது கிலோவுக்குக் குறையாது. (அரிசிக்கடைத் தராசு இருபத்திரண்டு என்றது. தராசு பழசு.) ஆப்பிரிக்க ஜாதி. வனத்துறையில் முறையாகப் பதிவு செய்த காகிதம் பிளாஸ்டிக் உறையில் கூடவே வந்திருக்கிறது. எனக்கே அப்படி ஒரு காகிதம் கிடையாது.

கொண்டுவந்து இறக்கியது மங்கையின் மாப்பிள்ளை பரமேஸ்வரன். தென்காசிக்காரர். கல்யாணம் ஆகி இரண்டரை மாதம்.

"காபி குடிச்சிட்டுப் போங்க மாப்ளே."

"இருக்கட்டும் மாமா. வண்டி நிக்கி." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆமையைப் பார்த்துச் சொன்னார். "அப்பா வழுக்கி விழுந்து இடுப்பு ஒடஞ்சதுலேர்ந்து அம்மா ஒரே பிடியா நிக்காங்க. ஆமை இருக்க வீட்ல நான் இருக்க மாட்டேன்னு."

"மங்கை என்ன சொல்லுதா?"

"அவ இப்பம்லாம் எங்கிட்டப் பேசுறதே இல்ல மாமா."

வண்டி போனதும் என் மனைவி செண்பகம், முப்பத்திரண்டு வருஷமாக இந்த வீட்டின் எதிர்க்கட்சித் தலைவி, வாசல் நிலையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள்.

"இது நெலவாசல் தாண்டக் கூடாது. சொல்லிட்டேன்."

"அது என்னடி செய்யும்?"

"அது ஒண்ணும் செய்யாது. உள்ள வந்தா வீட்டுக்கு ஆகாது. ஊருக்கெல்லாம் தெரிஞ்சது ஒங்களுக்கு மட்டும் தெரியாதோ?"

ஆமை நுழைந்த குடும்பம் நொடித்துப்போகும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. தென்காசிச் சம்பந்தியம்மாளுக்கும் அதே, செண்பகத்துக்கும் அதே. இரண்டு பெண்களும் கல்யாணத்தில்கூட இத்தனை ஒற்றுமையாக இருக்கவில்லை. ஆகவே நான் அரசாணை பிறப்பித்தேன்: புறக்கடையில் பட்டாணிக்குத் தனிக் கோட்டை எழும்பும். முப்பத்தோரு வருஷம் அரசாங்க சர்வேயர், இந்த மாவட்டத்தில் பாதியைக் காலாலேயே அளந்தவன். ஓர் ஆமைக்கு இடம் அளக்கத் தெரியாதா?

நாலு மணிக்கு மங்கை போன். துணி எடுக்கிற சாக்கில் மொட்டைமாடியிலிருந்து பேசுகிறாள்.

"வந்துட்டானா மாமா?"

"வந்துட்டான், வந்துட்டான். பட்டாபிஷேகம்தான் பாக்கி."

சிரிக்கவில்லை. "நீங்க எவ்வளவு தெளிவா பேசி முடிச்சிய மாமா. காலத்துக்கும் அவன் எங்கூடவே இருக்கலாம், தென்காசிக்காரங்க சந்தோஷமா ஒத்துக்கிட்டாங்கன்னு. அதுக்கப்புறமும் எப்படி மாமா பேச்சு மாறுதாங்க?"

"ஒலகம் அப்படித்தாம்மா."

"அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல. அவங்க கைபட்டதுன்னு எனக்கு இருக்கது அவன் ஒருத்தன்தான். அவனுக்கு ஒண்ணும் ஆகிறக் கூடாது மாமா."

"ஒரு கீறல் விழாது. தாய்மாமன் வாக்கு."

அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி இருந்தது, போனை வைத்துவிட்டேன். போய்ப் பார்த்தேன். பொங்கவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

நில அளவை. வெயில் நன்றாக விழுவது வடகிழக்கு மூலையில்தான், துவைக்கிற கல்லுக்கும் தென்னைக்கும் நடுவில். நீளம் இருபதடி, அகலம் பதினைந்து. செண்பகம் டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தாள்.

"பதினாறும் பன்னெண்டும்தான இருக்கு?"

"வரலாற்றுக்காக எழுதும்போது கொஞ்சம் தாராளமா எழுதணும்."

"இருக்கது என்னமோ அத எழுதுங்க. ஒங்களுக்கு உள்ளபடி எழுதவே தெரியாதா?"

பட்டாணிக்கு இப்போதைக்கு வாசம் துவைக்கிற கல்லின் அடியில். ஒரு கட்டு அகத்திக்கீரையை நிமிஷத்தில் முடித்தான்.

நவம்பர் 5, புதன்

கொத்தனார் ஆவுடையப்பன் வந்தான். இந்தத் தெருவில் பாதி வீடு அவன் கட்டியது, மீதிப் பாதியில் அவன் குறை சொல்லாத சுவர் இல்லை. ஆமையைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்தான். குந்தி உட்கார்ந்து அதன் முன்னங்காலைப் பார்த்தான்.

"ரெண்டடி அஸ்திவாரம் வேணும் அண்ணாச்சி."

"என்னடே, ஆமைக்கு மாடி எடுக்கப் போறியா?"

"இது தோண்டுத சாதி. காலப் பாத்தியளா? மம்பட்டி மாதிரி வச்சிருக்கு. சும்மா கல்ல அடுக்கி வச்சா சொவத்துக்கு அடியில போயிக்கிட்டே இருக்கும்."

"ஆவுடையப்பா, நான் இந்த மண்ண முப்பத்தோரு வருஷம் அளந்தவன்."

"நீங்க மேல அளந்திய. இது கீழ அளக்கும்."

வாய் அவனுக்கு. அதோடு விட்டானா? மழை பெய்தால் தண்ணீர் இந்த மூலையில்தான் வந்து நிற்கும், இடத்தை மாற்றுங்கள் என்றான். ஐப்பசி பாதி போய்விட்டது, வானத்தில் ஒரு கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை. அஸ்திவாரம் கிடையாது, இடமும் மாறாது என்று தீர்ப்பளித்தேன். அரசர்கள் கொத்தனார் பேச்சைக் கேட்டிருந்தால் உலகத்தில் ஒரு கோட்டையும் எழும்பியிருக்காது.

நவம்பர் 8, சனி

மூன்று வரிசை சிமெண்ட் கல், மண்ணின் மேலேயே நேராக. நானே பாதிக் கல்லைத் தூக்கினேன். (நாலு.) கிழக்குப் பக்கம் கம்பிக் கதவு. அதன் மேல் ஒரு வளைவு வேண்டும் என்றேன்.

"வளைவு யாருக்கு அண்ணாச்சி? அது தல நிமுந்து பாக்கவா போவுது?"

"வர்றவங்க பாப்பாங்க."

"ஆமா, கலெக்டரு வருவாரு" என்று முனகிக்கொண்டே வைத்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

முதுகு வலி. செண்பகம் தைலம் தேய்த்தாள்.

நவம்பர் 10, திங்கள்

நாலு மணி போன். இன்று குரல் கம்மியிருந்தது.

"மாமா, தென்காசி அத்தை நான் வாக்குத் தவறிட்டேங்காங்க. பதினஞ்சு நாள்னுதான பேச்சு, ரெண்டு மாசமா ஏமாத்திட்டேங்காங்க. எந்தப் பதினஞ்சு நாளு? நான் யாருக்கு என்ன வாக்குக் குடுத்தேன்?"

"வயசானவங்கம்மா. ஞாபகம் முன்னப் பின்ன இருக்கும்."

"அவங்களுக்கு அம்பத்தி நாலு வயசு மாமா."

பட்டாணி பூசணிக்காயைத் தின்கிற அழகை விவரித்தேன். பூசணி விதைகூட மிச்சம் வைக்காமல், ஒரு கல்யாணப் பந்தியையே காலி செய்கிற வேகத்தில், என்று. கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு, "அவன் நல்லா இருந்தா சரி. என்னையப் பத்தி விடுங்க" என்றாள்.

இரவு சாப்பாட்டில் உப்பு இல்லை என்று செண்பகத்திடம் சொன்னேன். "நல்லாத்தான இருக்கு" என்றாள்.

நவம்பர் 12, புதன்

கோட்டைத் திறப்பு விழா! எதிர்வீட்டு மாடியில் பார்வையாளர்கள் திரண்டிருந்தார்கள். (இரண்டு பேர்.) ஒரு மூலையில் தகரக் கூரை போட்ட அறை, நடுவில் தண்ணீருக்கு மண்தட்டு, சுற்றிலும் அருகம்புல். பட்டாணியை நானும் ஆவுடையப்பனும் தூக்கி உள்ளே விட்டோம். அவன் வளைவைப் பார்க்கவில்லை. நேராகப் போய்ச் செண்பகத்தின் செம்பருத்திக் கிளை ஒன்று சுவருக்கு மேல் தொங்கியதில் எட்டினமட்டும் தின்றான்.

செண்பகம் சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. மதியம் நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு, புறக்கடைக்குப் போய்ச் சுவருக்கு வெளியே நின்றபடியே உதிர்ந்த செம்பருத்தியை ஒவ்வொன்றாக உள்ளே போட்டுக்கொண்டிருந்தாள். "தின்னு, தின்னு. ஆனா உள்ள மட்டும் வந்திராத" என்றாள். ஜன்னல் வழியாகக் கேட்டது. எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று அவள் நம்புகிறாள். அது அப்படியே இருக்கட்டும்.

நவம்பர் 13, வியாழன்

தகர அறையின் அடியில் சுரங்கம் தொடங்கிவிட்டான்! காலையில் ஒரு சாண் பள்ளம், மாலையில் அவன் முழு உடம்பும் உள்ளே, பின்பக்கம் மட்டும் தெரிகிறது. மண்ணை வாரி எறிகிற வேகத்தில் பொக்லைன் தோற்கும். போட்டோ எடுத்து மங்கைக்கு அனுப்பினேன். ஆவுடையப்பனுக்கு அனுப்பவில்லை.

நவம்பர் 15, சனி

தென்காசிச் சம்பந்தியம்மாள் போனில் கூப்பிட்டார்கள். ஏழு நிமிஷம். பேசிய விவரம் அரசாங்க ரகசியம் என்று இங்கே எழுதாமல் விட்டிருந்தேன். செண்பகம் விளக்குப் பொருத்தப் போயிருக்கிறாள், எழுதிவிடுகிறேன்.

"அண்ணே, நிச்சயத்தன்னிக்கு நீங்கதான சொன்னிய? கல்யாணம் முடிஞ்சு பதினஞ்சே நாளு, நானே வந்து ஆமைய எடுத்துட்டுப் போயிருதேன், மங்கைக்கும் சம்மதம்னு? அதனாலதான நாங்க சரின்னோம்?"

"சொன்னேன்தான்..."

"பெறவு ஏன் வரல? அந்தப் பிள்ளை என்னன்னா காலத்துக்கும் இருக்கும்னு நாங்க வாக்குக் குடுத்ததா சொல்லுதா. நான் பொய்காரியா, அவ பொய்காரியா? நீங்களே அவகிட்டச் சொல்லிருங்கண்ணே. நான் சொன்னா நம்ப மாட்டேங்கா."

சொல்கிறேன் என்றேன்.

கல்யாணம் பேசுகிற இடத்தில் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்தால் எந்தப் பேச்சும் நகராது. ஆமை இல்லாமல் வரமாட்டேன் என்று இவள். ஆமையோடு வரக்கூடாது என்று அவர்கள். நல்ல பையன், நல்ல வேலை, அக்கா இருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பாள். இவள் கேட்க விரும்பியதை இவளிடமும் அவர்கள் கேட்க விரும்பியதை அவர்களிடமும் கொஞ்சம் தாராளமாகச் சொன்னேன். கழுத்தில் தாலி ஏறிவிட்டால் எல்லாம் தானாகப் படிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். எல்லாரும் செய்வதுதான்.

மங்கையிடம் சொல்லத்தான் வேண்டும். கோட்டைக்குச் சுண்ணாம்பு அடித்து முடியட்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

சுண்ணாம்பு அடித்தாயிற்று. காவிப் பட்டையும் போட்டால்தான் எடுப்பாக இருக்கும்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை ஒன்று. காவிப் பட்டை ஆயிற்று. வளைவில் 'பட்டாணிக் கோட்டை' என்று பெயிண்டில் எழுதினேன். டிவியில் காற்றழுத்தத் தாழ்வு என்று சுழி சுழியாகக் காட்டினார்கள். தென்மாவட்டங்களுக்கு மூன்று நாள் கனமழையாம். இவர்கள் சொல்லி எப்போது பெய்திருக்கிறது?

நாலு மணிக்கு மங்கை, "மாமா, மழைன்னா அவனுக்கு ஆகாது. சளி பிடிச்சிரும். நனைய விட்றாதிய" என்றாள்.

"அவன் இப்பம் ஒரு கோட்டையில இருக்கான்மா."

நவம்பர் 18, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. தூறல் இல்லை, கொட்டுகிறது. குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பட்டாணி அறையில் இல்லை. சுரங்கத்துக்குள் இருப்பான். கீரையை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

மதியம் போனபோது கீரை அப்படியே இருந்தது. சுரங்க வாயில் தண்ணீர். மூலையில் தேங்கியதெல்லாம் வளைவின் அடியில் கூடி, அங்கிருந்து நேரே அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மண்வெட்டியால் வரப்பு கட்டினேன். கரைந்தது. சாக்கில் மண் நிரப்பி வைத்தேன். சாக்குக்கு அடியில் போயிற்று.

"பட்டாணி! டேய் பட்டாணி!" என்று கூப்பிட்டேன். ஆமைக்குப் பெயர் சொன்னால் வராது என்று எனக்குத் தெரியும்.

நாலு மணி போன்.

"என்ன பண்ணுதான் மாமா?"

"இப்பம்தான் ஒரு கட்டு அகத்தி முடிச்சான். உள்ள காஞ்ச எடத்துல சுகமா படுத்திருக்கான்."

செண்பகம் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்தபின் என் கையிலிருந்து குடையை வாங்கிக்கொண்டு அவளே புறக்கடைக்குப் போனாள்.

நவம்பர் 19, புதன்

மழை விடவில்லை. பட்டாணி சுவருக்கு அடியில் துளை போட்டு வெளியே போய்விட்டானா, உள்ளேயே மாட்டிக்கொண்டானா என்று தெரியவில்லை. பக்கத்துக் காலி மனையில் முழங்கால் தண்ணீரில் நடந்து தேடினேன். நாலு வீட்டில் கேட்டேன். அண்டா மூடி மாதிரி ஏதாவது போனதா என்று. தெருக்கோடியில் வாய்க்கால் ஓடுகிறது. அந்தப் பக்கம் போய்ப் பார்க்காமல் திரும்பினேன்.

ஆமை நீந்தும் என்று இத்தனை வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இவன் தரை ஆமை. கல் மாதிரி முங்குவான். மங்கைதான் எப்போதோ சொன்னாள், தண்ணீர்த் தொட்டியில் விட்டுவிடாதீர்கள் என்று. அன்றைக்குச் சிரித்தேன்.

நாலு மணிக்கு அவள் கூப்பிடவில்லை. ஐந்தரைக்குக் கூப்பிட்டாள். பின்னால் யாரோ சத்தமாகப் பேசுவது கேட்டது.

"மாமா, நாளைக்கு அங்க வாறேன். பெட்டியோட வாறேன். யார் வாக்குத் தவறுனதுன்னு ஒங்கள வச்சுப் பேசணும்ங்காங்க. எனக்கு யார்ட்டயும் பேச வேண்டாம். பட்டாணியப் பாத்தாப் போதும்."

"வா, வா" என்றேன். அடுத்து வந்ததைக் கேட்ட பிறகுதான் அது என் வாய் என்று தெரிந்தது: "கோட்டை வாசல்லயே நின்னு வரவேப்பான் பாரு."

நவம்பர் 20, வியாழன்

காலை ஏழு மணிக்கு ஆவுடையப்பனுக்குப் போன் செய்தேன். உரச் சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு, மண்வெட்டியும் கடப்பாரையுமாக வந்தான். 'நான் சொன்னேன்ல' என்று சொல்வான், சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"உள்ள இருக்கானா, வெளிய போயிட்டானா அண்ணாச்சி?"

சுவரின் வெளிப்பக்கம் முழுக்கச் சுற்றினோம். எங்கேயும் திறப்பு இல்லை. அப்படியானால் உள்ளேதான். சுரங்க வாயில் தண்ணீர் விளிம்பு வரை நின்றது.

"எங்கன தோண்டச் சொல்லுதிய? தப்பா வெட்டுனா மொத்த மண்ணும் அவன் மேல எறங்கிரும்."

செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாயைச் சுரங்கத்துக்குள் செருகித் தள்ளினேன். நேராகப் போய், ஓரிடத்தில் முட்டி, இடதுபக்கம் திரும்பிக் கொஞ்சம் போய் நின்றது. குழாயில் அடையாளம் வைத்து வெளியே இழுத்து அளந்தேன். திருப்பம் வரை ஐந்தடி இரண்டு அங்குலம். அதற்கு மேல் இரண்டடி ஒரு அங்குலம். செண்பகம் ஒரு கையில் குடையும் மறுகையில் டேப்பின் முனையுமாக நின்றாள். இரண்டு குச்சியை நட்டு நூல் கட்டி, திசை பிடித்து, மேலே மண்ணில் புள்ளி வைத்தேன். வேலையில் இருந்த காலத்தில்கூட ஓர் அங்குலத்தை இப்படிப் பார்த்ததில்லை. எதையும் கூட்டவில்லை.

புள்ளி வளைவுக்குப் பக்கத்தில் சுவரின் அடியிலேயே விழுந்தது.

"சொவத்த ஒடைக்கணும் அண்ணாச்சி."

"ஒடை."

கடப்பாரை நாலு போடு. வளைவு விழுந்தது. 'பட்டாணி' ஒரு பக்கமும் 'கோட்டை' ஒரு பக்கமுமாகச் சேற்றில் கிடந்தது. ஓடு உடைந்துவிடும் என்று கடப்பாரையை எறிந்துவிட்டுக் கையால் பறித்தோம். மூன்றடியில் என் விரல் எதிலோ தட்டியது. கல் மாதிரி. கல் இல்லை.

சாக்கை அடியில் கொடுத்து மூவருமாகத் தூக்கினோம். சுரங்கம் கடைசியில் சற்று மேலேறியிருந்ததால் அவன் தலைப்பக்கம் ஒரு கை அளவு காற்று இருந்திருக்கும் என்று ஆவுடையப்பன் சொன்னான். இருந்திருக்கும். ஆனால் கழுத்து தொங்கியது. கால் நாலும் தொங்கின. ஆமை என்றால் உள்ளே இழுத்துக்கொள்ளும். இவன் எதையும் இழுத்துக்கொள்ளவில்லை.

கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன். தலையைக் கீழே சரித்துப் பிடித்துத் தண்ணீரை வடியவிடுங்கள், மல்லாக்கப் போடாதீர்கள், துடைத்துச் சூடான இடத்தில் வையுங்கள், ரோட்டில் தண்ணீர் இறங்கியதும் வருகிறேன் என்றார். பிடித்தோம். மூக்கிலிருந்து சேற்றுத் தண்ணீர் வந்தது. சூடான இடத்துக்கு எங்கே போவது? வானம் ஊற்றிக்கொண்டே இருக்கிறது. துவைக்கிற கல்லின் அடியில் கணுக்கால் தண்ணீர்.

"உள்ள தூக்குங்க" என்றாள் செண்பகம்.

"செண்பகம், நெலவாசல்..."

"வாசல் எங்கயும் போயிராது. தூக்குங்கன்னேன்ல!"

அவளே முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, பின்னோக்கி நடந்து, முதல் ஆளாகப் படி ஏறினாள். அடுக்களையில் அடுப்புக்குப் பக்கத்தில் தன் பழைய கம்பளியை விரித்தாள். பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி இருபக்கமும் வைத்தாள். அடிக்கொருதரம் அவன் மூக்குக்கு நேராக முகம் பார்க்கிற கண்ணாடியைப் பிடித்தாள். ஒருதடவை லேசாகப் பனித்தது. அடுத்த தடவை இல்லை.

மூன்றே முக்காலுக்கு மங்கை வந்தாள். ஒரு பெட்டி, ஒரு கைப்பை, முழுக்க நனைந்திருந்தாள். புறக்கடை வழியாகத்தான் வந்தாள், நேரே அவனைப் பார்க்க. உடைந்த சுவரையும் குழியையும் பார்த்துவிட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"எத்தன நேரமா இப்படி இருக்கான்?"

"காலையில எடுத்தோம். முந்தாநாள்லேர்ந்து உள்ள இருந்திருக்கான்."

"முந்தாநாளு கீர தின்னான்னிய."

"பொய் சொன்னேன்."

கம்பளியின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஓட்டின் மேல் கையை வைத்தாள். நானும் தரையில் உட்கார்ந்தேன். எத்தனையோ விதமாகச் சொல்ல நினைத்து வைத்திருந்தேன். எல்லாவற்றிலும் என் பக்கம் நியாயம் இருந்தது. அதெல்லாம் அந்த நேரத்துக்கு வரவில்லை.

"அவங்க ஒத்துக்கிடவே இல்ல மங்கை. பதினஞ்சு நாள்ல எடுத்துருதேன்னு அவங்ககிட்ட நான் சொன்னேன். ஒங்கிட்ட வேற சொன்னேன்."

மங்கை கைப்பையிலிருந்து போனை எடுத்து, தென்காசி எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என் முன்னால் தரையில் வைத்தாள்.

"நீங்களே சொல்லுங்க. கூட்டாமச் சொல்லுங்க."

"ஹலோ" என்றார்கள் சம்பந்தியம்மாள்.

"நான் மங்கை மாமா பேசுதேன். ஆமை பதினஞ்சு நாள்ல போயிரும்னு ஒங்ககிட்ட சொன்னேன். காலத்துக்கும் இருக்கலாம்னு நீங்க சொன்னதா அவகிட்ட சொன்னேன். ரெண்டும் நான் சொன்னது. அவளுக்கு எதுவும் தெரியாது. அவ வாக்குத் தவறல. நீங்களும் தவறல."

அந்தப் பக்கத்திலிருந்து, "ரெண்டு மாசமா அந்தப் பிள்ளைய என்னல்லாம் பேசிட்டேன்" என்று மட்டும் கேட்டது. லைன் துண்டானது.

மங்கை போனை எடுத்துப் பையில் வைத்தாள். "அத்தை, நான் இங்கனயே இவன் பக்கத்துல இருந்துக்கிடுதேன்" என்று செண்பகத்திடம் சொன்னாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

டாக்டர் வந்தார். இரண்டு ஊசி. நுரையீரலில் தண்ணீர், பிழைத்தால் இரண்டு நாளில் தெரியும் என்றார்.

அடுக்களையில் இருந்தவனை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு எதிர்வீட்டம்மாள், "என்ன செண்பகம், ஆமைய உள்ளயே கொண்டு வந்துட்டிய?" என்று கேட்டாள்.

"குடும்பத்தக் கெடுக்க ஆமை எதுக்குக்கா? இவுக வாயே போதும்" என்றாள் செண்பகம்.

எனக்குக் காது மந்தம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தே இருக்கிறது.

நவம்பர் 22, சனி

காலை ஆறே முக்காலுக்கு இடது முன்னங்கால் அசைந்தது. ஒரு தடவை. நான் பார்த்தேன்.

மங்கையை எழுப்பிச் சொன்னேன். "நெசமாவா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு வேண்டியதுதான். ஒன்பது மணிக்கு மறுபடி அசைத்தபோது அவளே பார்த்தாள்.

நவம்பர் 25, செவ்வாய்

மழை விட்டு இரண்டு நாள் ஆகிறது. பட்டாணி கண்ணைத் திறந்து, ஊறவைத்த பூசணியில் ஒரு துண்டு தின்றான். ஒரே ஒரு துண்டு, அதிலும் பாதி. எடை இருபத்திரண்டு கிலோவிலிருந்து இருபத்தொன்றாகியிருக்கிறது. தராசில் குறை இல்லை.

பரமேஸ்வரன் வந்தார். காபி குடித்தார். மங்கையும் அவரும் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார்கள். பெட்டி இங்கேயே இருக்கிறது. "கோட்ட முடியட்டும், பெறவு பாக்கலாம்" என்று அவள் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. "அம்மா வரணும்னு சொல்லுதாங்க" என்றார் அவர். "வரட்டும். மொதல்ல அவனப் பாக்கட்டும்" என்றாள்.

சாயங்காலம் ஆவுடையப்பன் மண்வெட்டியோடு வந்தான். இந்தமுறை இடம் மேட்டுப் பக்கம், செம்பருத்திக்கு அந்தப் பக்கம். அஸ்திவாரம் இரண்டடி. வளைவு கிடையாது.

டேப்பை எடுத்தேன். மறுமுனையைப் பிடிக்கச் செண்பகத்தைக் கூப்பிடப் போனேன். அதற்குள் மங்கை வந்து கையை நீட்டினாள். அன்றைக்குப் போனை எடுத்துப் பையில் வைத்ததிலிருந்து, நான் கூப்பிடாமலே அவள் என்னிடம் வந்தது இதுதான் முதல் தடவை. முனையை என்னிடம் விட்டுவிட்டு, டேப்பை இழுத்துக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்க் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"பதினோரு அடி மூணு அங்குலம்" என்றாள். எழுதுகிறேனா என்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதினோரு அடி மூணு அங்குலம் என்று எழுதினேன்.